முதுகுக்கு ஒரு மனு

"இன்னும் கொஞ்சம் குனிங்க. வழுக்கை விழுந்த எடமும் தெரியணும்லா?" என்றாள் கோமதி.

நாறும்பூநாதன் குனிந்தார். மேலே சட்டை இல்லை. இடுப்பில் சிவப்புக் கரை போட்ட துண்டு. தென்காசியில் அன்றைக்குச் சாரல் பலமாக இருந்தது. மொட்டை மாடியில் காற்று குளிர்ந்து அடிக்க, அவருடைய முதுகு கோழித்தோல் போலப் பொரிந்தது. பக்கத்து மாடியில் நனைகிற துணியை எடுக்க வந்த ஷமீம் பானு, எடுக்க வந்ததை மறந்து கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்ன மதினி, டாக்டருக்கு அனுப்பவா?"

"இல்ல பானு. கம்பெனிக்கு."

"முதுகையா?"

"முதுகத்தான் கேக்காவ."

"மூஞ்சியக் கேட்ட கம்பெனிய பாத்திருக்கேன். முதுகக் கேட்ட கம்பெனிய இப்பந்தான் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு, பானு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாறும்பூநாதன் கமிஷன் மண்டி என்றால் தனி மரியாதை. அவர் தொண்டையைச் செருமினால் லோடுமேன்கள் பீடியை அணைப்பார்கள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமலே முற்றலா பிஞ்சா என்று சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் நட்டநடுப் பகலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் காரணம், அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோ.

'ஜில்ஜில்' என்றொரு செயலி. அதில் 'குத்தாலம் குசும்பு' என்றொரு சேனல். ஆடி மாதத்தில் ஒருநாள் அதில் இந்த வீடியோ வந்தது. இடம், ஐந்தருவி. ஆண்கள் பக்கம். உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க ஒரு மனிதர் அருவிக்குள் நிற்கிறார். நமக்குத் தெரிவது முதுகும் பின்தலை வழுக்கையும் மட்டும். சிவப்புக் கரைத் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறார். துண்டின் நுனியை வாய்ப்பக்கம் கொண்டுபோய் வெட்கப்படுகிறார். பிறகு புதுப்பெண் போல நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி, முகம் தெரியப் போகிற நேரத்தில் அருவித் தண்ணீர் திரையாக விழுந்துவிடுகிறது. கீழே ஒரு வரி: 'குத்தாலத்துக் குமரி யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?'

சந்தையில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். நாறும்பூநாதனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அதே வாரம்தான் அவர், வெங்காய லோடு பார்க்கச் சங்கரன்கோவில் போவதாகக் கோமதியிடம் சொல்லிவிட்டு, குற்றாலத்துக்கு பஸ் ஏறியிருந்தார். தனியாகத்தான் போனார். கரையில் உட்கார்ந்து ஒரு படி எண்ணெயை உடம்பில் ஏற்றிக்கொண்டார். அருவிக்கரைக் கடையில் சிவப்புக் கரைத் துண்டு வாங்கினார். ஐந்தருவியில் நின்றார். ஆடவும் செய்தார். அருவி தலைமேல் விழும்போது கண் மூடியிருக்கும், காது அடைத்திருக்கும், மானமும் மரியாதையும் சட்டையோடு கரையில் இருக்கும். என்ன ஆடினோம் என்று ஆடியவருக்கே தெரியாது.

அந்த முதுகை அவர் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. செய்த காரியத்தை மறைத்து வைத்திருப்பவனுக்கு அடையாள அணிவகுப்பு தேவைப்படாது.

வேறு நேரமாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். அவர் மகள் சங்கரேஸ்வரிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்திருந்தது. மாப்பிள்ளை சுபாஷ் ராணுவத்தில் இருக்கிறான். பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்ச் செய்துகொள்கிற ஏற்பாடு. இடையில் ஒரே ஒரு மலை நின்றது. மாப்பிள்ளையின் அப்பா, ஆலங்குளம் சுந்தரபாண்டியன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். தன் கல்யாண ஆல்பத்திலேயே சிரிக்காதவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மீசையைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"நகை நட்டு நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. எனக்கு ஒழுக்கம்தான் முக்கியம். கூத்து, கும்மாளம், ரீல்ஸு, இந்தச் சவத்துப் பழக்கமெல்லாம் இல்லாத குடும்பமா இருக்கணும். இருக்குன்னு தெரிஞ்சா, மணவறைல இருந்துகூட எம்மவன எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்."

எழுப்பிக்கொண்டு போகக்கூடியவர்தான்.

எனவே நாறும்பூநாதன் முதல் வேலையாகக் குற்றாலம் போனார். 'குத்தாலம் குசும்பு' நடத்துகிற இசக்கிராஜாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. ஒரு கையால் சட்டியில் கரண்டியைப் போட்டுக்கொண்டே மறுகையால் போனைப் பார்க்கிறவன். அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்த அருவி வீடியோவ எடுத்துரு. புள்ளகுட்டிக்காரன் கெஞ்சுதேன்."

இசக்கிராஜா கரண்டியைக் கீழே வைத்தான். அவரைச் சுற்றிப் பின்பக்கம் வந்து பார்த்தான்.

"அண்ணாச்சியா அது? நாலு நாளா ஊரே தேடுது! யாரோ ஒரு வாடிக்கை அனுப்பினதப் போட்டேன். ஆளு ஆருன்னு எனக்கே தெரியாது. நீங்களா வந்து சொல்லிட்டிய!"

"நான் சொல்லலியே! எடுக்கச் சொன்னேன்!"

"அதுவும் இதுவும் ஒண்ணுதான அண்ணாச்சி?"

அன்று மாலையே கீழ்வரி மாறியது: 'குத்தாலத்துக் குமரி கிடைத்துவிட்டார்! பாவூர்சத்திரம் மண்டி அண்ணாச்சி!'

வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் கண்ணாடியைக்கூட மாட்டாமல் போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்கதான்."

"எப்படிட்டி ஒரு செகண்டுல சொல்லுதே?"

"தலைல வழுக்கை, கைல துண்டு, வெக்கங்கெட்ட ஆட்டம். இன்னும் என்ன, ஆதார் கார்டா வேணும்? சங்கரன்கோவில் வெங்காயம் நல்லாத்தான் இருக்கு!"

இரண்டாவது வேலையாக வக்கீல் பெஞ்சமினிடம் போனார். கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். பெஞ்சமின் இதுவரை வரப்புத் தகராறும் விவாகரத்தும் மட்டுமே பார்த்து அலுத்திருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் புதுப் பேனாவை எடுத்தார்.

"நல்ல நேரத்துல வந்தீக. இதுக்குன்னே புதுச் சட்டம் வந்திருக்கு. நம்ம படம், நம்ம பேச்சு, நம்ம நம்பரு, எவன் வச்சிருந்தாலும் அழிலேன்னு சொல்லுத உரிமை நமக்கு உண்டு."

"வந்துட்டா?"

"வந்துட்டு. முழுசா அமலுக்கு வரல. இப்பம் சாரல் அடிக்கு. அருவி விழ நாளாவும்."

"அதுக்குள்ள எம்மவ நிச்சயம் நின்னுரும் வே!"

"ஏன் பதறுதிய? கம்பெனியே ஒரு குறைதீர்க்குத அதிகாரிய வச்சிருக்கான். அங்கன மனு போடுவோம். சட்டப்படி இன்னைல இருந்து உங்களுக்குப் பேரு டேட்டா பிரின்சிபால். தகவலுக்குச் சொந்தக்காரர்னு அர்த்தம்."

நாறும்பூநாதனுக்கு நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. பின்னால் வீட்டில் இதைச் சொன்னபோது கோமதி அதை மறுபடி மடக்கிவிட்டாள். "பத்தாங்கிளாஸ தாண்ட மூணு தடவ முட்டுன ஆளு. பிரின்சிபாலாம்!"

"ஆனா ஒண்ணு" என்றார் பெஞ்சமின். "வீடியோல உள்ளது நீங்கதான்னு மொதல்ல நிரூபிக்கணும்."

"நான் இல்லன்னு ஆகணும்னுதான வே அழிக்கச் சொல்லுதேன்?"

"நீங்க இல்லன்னா, அழிக்கச் சொல்ல நீங்க யாரு?"

நாறும்பூநாதன் யோசித்தார். சட்டம் படித்தவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று நம்புகிற தலைமுறை.

பெஞ்சமின் கையோடு இசக்கிராஜாவுக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டார். இசக்கிராஜா அதைப் பயந்து வாங்கினான். பயந்துகொண்டே பிரித்தான். பிறகு கேமராவை ஓடவிட்டு, பின்னால் ஷெனாய் இசையைப் போட்டு, நேரலையில் வரிவரியாக வாசித்தான். "'என் கட்சிக்காரர் நாறும்பூநாதன், மேற்படி காணொலியில் இடுப்பை அசைப்பவர் தாமே என்று உறுதி கூறுகிறார்...' மக்களே, இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" முதல் வீடியோவைவிட இதைப் பார்த்த கூட்டம் அதிகம்.

மூன்றாவது வேலை, 'ஜில்ஜில்' கம்பெனிக்கு மனு. அதன் குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர் நிலா. எந்நேரம் எழுதினாலும் மறுநொடியே பதில் போடுவாள். கோபமே வராது. அவள் ஆள் இல்லை, மெஷின் என்று சங்கரேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். நாறும்பூநாதன் நம்பவில்லை. "எவ்வளவு தன்மையாப் பேசுதா. உங்க அம்மையவிட இவ மேல்" என்றார்.

நிலாதான் முதுகைக் கேட்டாள்.

மொட்டை மாடியில் எடுத்த படத்தை அனுப்பினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. சங்கரேஸ்வரி வாசித்தாள்.

"'அன்புள்ள பயனரே, உங்கள் முதுகு கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. பொருத்தம் முப்பத்தொன்பது விழுக்காடு. காணொலியில் இருப்பவர் நீங்கள் அல்ல. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.'"

நாறும்பூநாதனுக்கு ரத்தம் கொதித்தது.

"நான் இல்லியா? பொறந்ததுல இருந்து நான் சொமக்குத முதுகு! எனக்குத் தெரியாதது இவளுக்குத் தெரியுமோ?"

"அப்பா, இங்க பாருங்க" என்றாள் சங்கரேஸ்வரி பொறுமையாக. "நீங்க இல்லன்னு கம்பெனியே சொல்லிட்டு. இதையே படம் புடிச்சு நாலு பேருக்கு அனுப்பிட்டு, பேசாம மண்டிக்குப் போங்க. ஒரு வாரத்துல வேற எவனாவது ஆடுவான். ஊரு அவனப் பாக்கப் போயிரும்."

அந்த வீட்டில் நல்ல யோசனைகளுக்கு வழக்கமாக நேரும் கதி இதற்கும் நேர்ந்தது. ஆனாலும் நாறும்பூநாதன் ஒரு கணம் தடுமாறினார் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லை என்றே சாதித்துவிடலாமா என்று ஆசை தட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

ஆலங்குளம்.

"வணக்கம் சார்" என்றார்.

"ஒரு வீடியோ பாத்தேன்."

"என்ன வீடியோ சார்?"

"ஐந்தருவி. சிவப்புக் கரைத் துண்டு. அதுல ஆடுத ஆளு நீங்கன்னு ஊர்ல பேச்சு. உண்மையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எத்தனையோ களவாணிகளிடம் உண்மையைக் கறந்த குரல் அது. அதற்கு முன்னால் ஒரு காய்கறி வியாபாரி எம்மாத்திரம்?

"நான்தான் சார்."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஆளா இருக்க வழியே இல்லியே?"

"வழியே இல்ல சார். நான்தான். சின்னப்புள்ளத்தனமாப் பண்ணிட்டேன். அதுக்காக எம்மவள..."

மறுமுனையில் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல நீளமாக ஒரு பெருமூச்சு.

"ஒத்துக்கிட்டிய பாத்தியளா, அதுதான் ஆம்பளைக்கு அழகு! நிச்சயமெல்லாம் சொன்னபடி நடக்கும். ஒண்ணே ஒண்ணு. அந்த வீடியோ மட்டும் பூமில இருக்கக் கூடாது. அடியோட அழிக்கணும்."

"அவ நான் இல்லங்கா சார்."

"எவ?"

"நிலா."

"அவ கெடக்கா. அது நீங்கதான்னு ஊரறிய எழுதிக் குடுங்க. சாட்சி வேணும்னா நானே வாரேன்."

போனை வைத்ததும் நாறும்பூநாதனுக்குக் கண் கலங்கியது. "மனுசன்னா இவருல்லா மனுசன்! பலாப்பழம் மாதிரிட்டி. வெளிய முள்ளு. உள்ள பூராவும் சுளை."

சொன்னபடியே மறுநாள் சுந்தரபாண்டியன் ஆலங்குளத்திலிருந்து வந்தார். பெஞ்சமின் ஆபீஸ் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். சாட்சி வாக்குமூலத்தை அவரே சொல்லச் சொல்ல, பெஞ்சமின் எழுதினார்.

"மேற்படி காணொலியை நான் பலமுறை உன்னிப்பாகப் பார்த்தேன். காவல்துறையில் எனக்குள்ள நீண்ட அனுபவத்தைக் கொண்டு, அதில் இருப்பது திரு. நாறும்பூநாதன்தான், வேறு எவரும் அல்ல, எக்காலத்திலும் அல்ல என்று உறுதி கூறுகிறேன்."

"எக்காலத்திலும் அல்ல, வேணுமா சார்?" என்றார் பெஞ்சமின்.

"இருக்கட்டும் வே. ஒரு பலத்துக்கு."

நிலா அந்தச் சாட்சியத்தையும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டாள். கடைசிக் கட்டமாக இன்னொன்று கேட்டாள். அதே இடத்தில், அதே கோலத்தில், அதே அசைவுகளோடு ஒரு புது வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முதுகு பொருந்தாவிட்டாலும் ஆட்டம் பொருந்துகிறதா என்று பார்ப்பாளாம்.

"மறுபடி ஆடணுமா?" என்று அலறினாள் கோமதி. "ஆடுன ஆட்டத்த அழிக்கதுக்கு இன்னொரு ஆட்டமா? எந்த ஊரு நியாயம் இது?"

"சட்டம்ட்டி. உனக்குப் புரியாது" என்றார் டேட்டா பிரின்சிபால்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனார்கள். போகக் கூடாத நாள். ஆனால் நிச்சயத்துக்கு வேறு நாள் இல்லை. தண்ணீர் பொங்கி விழுந்தது. மனிதத் தலைகள் தேங்காய்க் குவியல்போலத் தெரிந்தன. பெண்கள் பக்கம் தனி என்பதால் கோமதி வர முடியாது. வீடியோ எடுக்கும் பொறுப்பைச் சுந்தரபாண்டியனே ஏற்றுக்கொண்டார். முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிவிட்டு, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பாறை ஓரமாக நின்றார்.

நாறும்பூநாதன் எண்ணெய் வழிய அருவிக்குள் நுழைந்தார். துண்டைத் தலையில் போட்டார். ஆடினார்.

"அப்படி இல்ல அண்ணாச்சி!" என்று கரையிலிருந்து கத்தினார் இன்ஸ்பெக்டர். "இடது கால்தான் மொதல்ல போவணும்!"

மாற்றி ஆடினார்.

"இடுப்பு பத்தாது! வெட்டி நிறுத்தணும். வெட்டு... நிறுத்து! ஆங். துண்டு நுனிய வலது கடவாய்ல கடிக்கணும்!"

என்ன கூர்மையான பார்வை! ஓய்வு பெற்ற பிறகும் ஆதாரத்தை அலசுகிற புத்தி போகவில்லையே என்று நாறும்பூநாதன் தண்ணீருக்குள் வியந்தார். வியந்துகொண்டே சுற்றினார். சுற்றியவர், சரியாகச் செய்தோமா என்று தெரிந்துகொள்ள, தலையை அருவிக்கு வெளியே நீட்டிக் கேட்டார்.

"இப்படியா சார்?"

"அதேதான்! அப்படியே ஒரு வெக்கம்!"

வெட்கப்பட்டார்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தார். செங்கோட்டை வழியாக வந்த கேரள வேன் கூட்டம் முழுவதும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"சேட்டா, ஒந்நுகூடி!" என்று இன்னொரு தடவை ஆடச் சொல்லி ஒரு குரல்.

கூட்டத்துக்கு முன்னால், சிப்ஸ் கடை ஏப்ரனோடு இசக்கிராஜா.

மறுநாள் காலை நாறும்பூநாதன் மண்டிக்குள் நுழைந்தபோது லோடுமேன்கள் பீடியை அணைத்தார்கள். மரியாதையாக எழுந்தார்கள். ஒருவன் தக்காளிப் பெட்டியைத் தோளில் ஏற்றி, இடுப்பை வெட்டி நிறுத்தி, பணிவாகக் கேட்டான்.

"இப்படியா சார்?"

முதல் வீடியோவில் முதுகுதான். இரண்டாவதில் முகம் முழுசாக, சிரிப்போடு, குரலோடு. அடுத்த இரண்டு நாளில் ஆலங்குளம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் கேட்டார், "இப்படியா சார்?" சந்தை டீக்கடையில் டீயை ஆற்றி நீட்டியவர் கேட்டார், "இப்படியா சார்?" சங்கரேஸ்வரிக்கு ராணுவ முகாமிலிருந்து சுபாஷ் போன் செய்தான். அங்கே பஞ்சாப்காரன் ஒருவன் அர்த்தம் தெரியாமல் சொல்லித் திரிகிறானாம்.

அதற்குள் நிலாவின் பதிலும் வந்தது.

"'அன்புள்ள பயனரே, ஆட்டப் பொருத்தம் தொண்ணூற்றாறு விழுக்காடு. உங்கள் உரிமை ஏற்கப்பட்டது. முதல் காணொலியும் அதன் எல்லா நகல்களும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'"

நாறும்பூநாதன் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

பெஞ்சமின் வீடு தேடி வந்து கை குலுக்கினார். "மாவட்டத்துலயே மொத வெற்றி அண்ணாச்சி! அந்த ரெண்டாவது வீடியோவுக்கும் சூட்டோட சூடா ஒரு மனு போட்டுட்டா..."

உள்ளேயிருந்து கோமதி வந்தாள். "வக்கீலே, நீங்களாப் படி எறங்குதியளா? இல்ல, நான் எறக்கவா?"

அவர் தாமாகவே இறங்கினார்.

ஆவணி முதல் முகூர்த்தம். தென்காசியில் சின்ன மண்டபம். இரண்டாவது வீடியோவைப் பார்த்துவிட்டுச் சம்பந்தி என்ன சொல்வாரோ என்று நாறும்பூநாதன் வாசலில் நின்றார். சுந்தரபாண்டியன் காரிலிருந்து இறங்கினார். நேராக வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அது போயிட்டுல்லா?"

"போயிட்டு சார். ஆனா இன்னொண்ணு..."

"அது கெடக்கட்டும். இந்தக் காலத்துல அதெல்லாம் ஒரு விஷயமா? நீங்க நல்லாத்தான் ஆடுதிய."

மணவறையிலிருந்து மகனை எழுப்பிக்கொண்டு போவதாகச் சொன்ன மனிதர்!

நிச்சயம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாம்பூலத் தட்டை மாற்றும்போது சம்பந்தி வீட்டுச் சித்தப்பா ஒருவர் தட்டைத் தூக்கிப் பிடித்து, "இப்படியா சார்?" என்று கேட்க, மண்டபமே குலுங்கியது. சுந்தரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் பந்தியில் பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினார். நாறும்பூநாதன் இலை இலையாகப் போய், வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "எனக்காக ஆலங்குளத்துல இருந்து வந்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தண்ணில நின்னு வீடியோ எடுத்து... கூடப் பொறந்தவன் செய்வானா இதை?"

பந்தி முடிந்து, பின்பக்கக் குழாயில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி. பெண் பார்க்க வந்த அன்றும் சரி, இன்றும் சரி, புருஷனுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டுகிற பெண்மணி. அவள் குரலை அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோவிக்கக் கூடாது."

"கேளுங்க தங்கச்சி. உங்ககிட்ட எனக்கென்ன கோவம்?"

"மொத வந்துச்சே, முதுகு மட்டும் தெரியுத வீடியோ... அது இனிமே எங்கயுமே கெடைக்காதா?"

நாறும்பூநாதன் துண்டில் கையைத் துடைத்தபடி பெருமையாக நிமிர்ந்தார்.

"கவலைய விடுங்க. வேரோட புடுங்கியாச்சு. இனிமே அத ஆண்டவனே நெனச்சாலும் பாக்க முடியாது."

"வக்கீல்ட்ட ஒரு காப்பி இருக்குமோ?"

"இல்லவே இல்ல. எம்போன்ல, வக்கீல் போன்ல இருந்ததெல்லாம் சாரே வாங்கித் தன் கையால அழிச்சிட்டாவ."

"ஆமா. எம்போன்லயும் அழிச்சிட்டாவ" என்றாள் நிர்மலாதேவி.

அவள் கண் நிறைந்து, சேலைத் தலைப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். குடும்ப மானம் தப்பிய நிம்மதி என்று நினைத்து, நாறும்பூநாதனும் கூடவே கண் கலங்கத் தயாரானார்.

"வாக்கப்பட்டு வந்த இந்த முப்பது வருஷத்துல, எங்க வீட்டுக்காரவுக சந்தோஷமா இருந்து நான் பாத்தது அருவில ஆடுன அந்த அரை நிமிசம் மட்டுந்தான் அண்ணாச்சி... அதப் போயி ஒங்க முதுகுன்னு எழுதிக் குடுத்து அழிச்சுப்புட்டியளே!"